ஏலக்காய்க்கு ஏறும் வாடை

சித்திரை மாதத்து மத்தியானம். சோற்றை வடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு பின்னறைப் பக்கம் போகிறேன், என் வீட்டுக்காரர் ஏலக்காய்ச் சாக்குகளை ஒவ்வொன்றாகக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வருகிறார்.

என்னால் நம்ப முடியவில்லை.

அந்த அறை எங்கள் மகள் நந்தினியின் அறை. அவள் கல்யாணமாகித் திருப்பூர் போன பிறகு ஏலக்காய் அதைப் பிடித்துக்கொண்டது. உலர்த்திய காயை விலை ஏறட்டும் என்று வீட்டுக்குள் போட்டு வைப்பது போடிநாயக்கனூரில் தோட்டம் வைத்திருக்கிற எல்லோருக்கும் உள்ள பழக்கம். மற்ற ஊர்களில் மனிதர்கள் போக மீதி இடத்தில் சாமான் இருக்கும். எங்கள் ஊரில் காய் போக மீதி இடத்தில் மனிதர்கள் இருப்போம்.

நந்தினி தலைப்பிரசவத்துக்கு வருகிறாள், அறையை ஒழித்துக் கொடுங்கள் என்று பங்குனியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். பார்ப்போம், பார்ப்போம் என்றே காலத்தை ஓட்டினார். இன்று கேட்காமலே தூக்குகிறார். அதுவும் எப்படி? அடியில் இரண்டு கையும் கொடுத்து, உள்ளே இருக்கிற பாலித்தீன் பை கிழியாமல், பச்சைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி.

மனிதருக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். நானும் ஒரு சாக்கைப் பிடித்தேன். கடைசிச் சாக்கு வெளியே வந்த பிறகு, அறையைக் கூட்டலாம் என்று விளக்குமாற்றோடு உள்ளே போனேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் முதுகில் மாட்டுகிற தெளிப்பான் இருந்தது. அதன் அருகில் ஒரு தண்ணீர் பாட்டில். உள்ளே இருந்தது தண்ணீர் இல்லை.

வீட்டுக்குள் வசிக்கிற கூட்டம்

போன வாரப் பத்தியை எங்கள் தெருக் குழாய்ச் சண்டையோடு நிறுத்தினேன். இந்த வாரம் வீட்டுக்குள் வருகிறேன். வீட்டுக்குள்ளும் சண்டைதான். எதிராளிக்கு மட்டும் ஆறு கால்.

மலையடிவாரத்து வீட்டில் மாதத்துக்கு ஒரு பூச்சி. வெயில் ஏறினால் சித்தெறும்பு. மழை விழுந்தால் ஈசல், அதன் பின்னாலேயே கறையான். சாக்கடை மூடி கொஞ்சம் விலகியிருந்தால் கரப்பான். கறிவேப்பிலைச் செடியில் கொழுந்து விட்டால் அசுவினி. செம்பருத்தியில் மாவுப்பூச்சி, வெள்ளையாகத் திருநீறு பூசிய மாதிரி.

எறும்புக்கு நான் செய்வது ஒன்றுதான். அது வருகிற வழியைச் சோப்புத் தண்ணீர் தொட்டு அழுத்தித் துடைத்துவிடுவேன். வழி அழிந்தால் கூட்டம் தடுமாறும். புகுந்து வருகிற ஓட்டையை அடைத்துவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ளும். கரப்பானுக்குப் போரிக் பவுடரை மாவும் சீனியும் கலந்து உருட்டி, பிள்ளைகள் கை போகாத இடத்தில் வைப்பேன். உடனே சாகாது. பொறுத்திருந்தால் சாகும். அசுவினிக்குத் துணி அலசிய சோப்புத் தண்ணீரே போதும். மாவுப்பூச்சிக்குப் பழைய பல் தேய்க்கிற பிரஷ்.

இதெல்லாம் பெரிய வித்தை இல்லை. இடுப்பு வலிக்கும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் ஆண்களுக்கு இடுப்பு வளையாது. மலையிலிருந்து இறங்குகிற ஜீப்பில் காய் மட்டும் வருவதில்லை, எஸ்டேட் மருந்தும் வரும். தண்ணீர் பாட்டிலில், கலர் சோடா பாட்டிலில், எண்ணெய் டப்பாவில். பேர் எழுதிய சீட்டு இருக்காது. ஏலச் செடியின் தண்டைத் துளைக்கிற புழுவைக் கொல்கிற மருந்து வீட்டுக் கரப்பானைக் கொல்லாதா என்று கேட்பார்கள். கொல்லும். யார் இல்லை என்றது?

மைனா வராத புல்வெளி

என் தங்கச்சி வீட்டுக்காரர் தேவாரம் ஊருக்குப் போகிற சாலையில் புது வீடு கட்டினார். மலைமேல் தங்கும் விடுதிகளில் பார்த்துவிட்டு, அதே மாதிரி வாசலில் புல்வெளி போட்டார். குடிக்கிற தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கிற இடத்தில் புல்லுக்குக் குழாய். நான் கேட்டேன், மாடு கட்டப் போகிறீர்களா என்று. சிரித்தார்.

ஒரு மழைக்குப் பிறகு புல் அங்கங்கே மஞ்சளானது. பிடித்து இழுத்தால் பாயைச் சுருட்டுகிற மாதிரி கையோடு வந்தது. அடியில் வெள்ளை வெள்ளையாக வேர்ப்புழு, வளைந்து படுத்துக்கொண்டு. காலையில் மைனாக்கள் கூட்டமாக இறங்கி அதைக் கொத்தித் தின்னும். கூலி கேட்காமல் வேலை பார்க்கிற ஆட்கள். ஆனால் அவருக்குப் புழுவைவிட மைனா மேல்தான் கோபம். புல்வெளியைக் குழி குழியாக ஆக்குகிறதாம்.

எஸ்டேட்டிலிருந்து குருணை மருந்து கொண்டுவந்து தூவித் தண்ணீர் விட்டார். மறுநாள் விடிந்தபோது மைனாக்கள் புல்லிலேயே கிடந்தன. தங்கச்சி எழுவதற்குள் ஒரு கேரிபேக்கில் பொறுக்கி வெளியே கொண்டுபோய்விட்டார். நான் போய் நின்றதும், "புழு செத்துருச்சுல்ல மதினி" என்றார்.

அடுத்த மழைக்கு அந்தப் புழுவின் தாய் வண்டு வந்து மறுபடி முட்டை வைத்தது. மைனா வரவில்லை.

அதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் நந்தினியின் அறையில் அந்தப் பாட்டிலைப் பார்த்தபடி நின்றேன்.

கட்டிலில் வந்து குடியேறியது

அறைக்குள் எதை அடிக்க வந்தார் என்று சொல்லவில்லையே. மூட்டைப்பூச்சி.

தைப் பொங்கலுக்கு நந்தினி வந்திருந்தாள். அப்போதுதான் மசக்கை ஓய்ந்திருந்தது. இரண்டு ராத்திரி அந்த அறையில் சாக்குகளுக்கு நடுவே படுத்துவிட்டுப் போனாள். திருப்பூர் போய்ச் சேர்ந்ததும் அவள் மாமியார் போன் பண்ணினார். கையில் வரிசையாகத் தடித்திருக்கிறதே, என்ன கடித்தது என்று கேட்டார். கொசு என்றேன். கொசு கோடு போட்டுக் கடிக்காது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் இதற்கு முன்னால் நந்தினிக்கு ஒன்று தங்கவில்லை. அதனால் இந்த முறை எல்லோருக்கும் பயம். அந்தம்மா இழுத்து இழுத்துப் பேசினார். இங்கே பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, வளைகாப்பைப் போட்டுவிட்டு அவள் இங்கேயே இருக்கட்டுமே, உங்களுக்கும் ஏன் சிரமம் என்றார். நந்தினி தனியாகப் போன் போட்டு அழுதாள். "நான் அங்கதாம்மா வருவேன். இந்தத் தகரக் கூரைக்கு அடியில என்னால கெடக்க முடியாது. நீ என்ன செஞ்சாச்சும் அந்த ரூம சரி பண்ணிரு."

அன்றைக்கே டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கட்டிலின் கீழே படுத்தேன். தேக்குக் கட்டில், அவள் கல்யாணத்துக்குச் செய்தது. மரம் மரத்தோடு சேருகிற ஒவ்வொரு பொருத்திலும் பேனாவால் குத்திய மாதிரி கறுப்புப் புள்ளிகள். மெத்தையின் தையலைப் பிரித்துப் பார்த்தால், தையலோடு தையலாக ஒட்டிக்கொண்டு சிவப்பாகப் படுத்திருக்கின்றன. நசுக்கினால் ஒரு நாற்றம் வரும், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தையில் ஆரம்பித்துச் சித்திரை வரை நான் நிம்மதியாக உட்காரவில்லை. மெத்தையை மொட்டைமாடி வெயிலில் போட்டேன். எங்கள் ஊர் இலவம்பஞ்சு மெத்தை, மேலே தகிக்கும், நடுவில் குளுகுளு என்று இருக்கும். பூச்சி நடுவுக்குப் போய்விட்டது. கட்டில் பொருத்தில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றினேன். மண்ணெண்ணெய் தடவினேன். பக்கத்து வீட்டில் வசம்பு சொன்னார்கள், எதிர் வீட்டில் வேப்பிலை சொன்னார்கள். வேப்பிலைக்கு மேலேயே பூச்சி நடந்து போனதைப் பார்த்தேன்.

ஒரு வாரம் காணாமல் போகும். மறுபடி வரும். கடிபட்ட இடத்தைவிட கடிபடாத இடம் அதிகமாக அரிக்கும். சோறு ஆக்கும்போது அரிக்கும். பஸ்சில் உட்கார்ந்தால் அரிக்கும். பக்கத்தில் இருக்கிறவர் சொறிந்தால் நம்மிடமிருந்து போய்விட்டதோ என்று உயிர் போகும்.

தேனியிலிருந்து பூச்சி ஒழிக்கிற ஆளையும் வரவழைத்தேன். நீலச் சட்டை, கையில் பெட்டி. வாடையே இருக்காதும்மா என்றார். மருந்தின் பெயர் கேட்டேன், கம்பெனி மருந்து என்றார். கர்ப்பிணி எத்தனை நாள் கழித்துப் படுக்கலாம் என்றேன். போனை எடுத்து யாரிடமோ கேட்டுவிட்டு, அதெல்லாம் ஒன்றும் பண்ணாது என்றார். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

எங்கிருந்து திரும்பத் திரும்ப வருகிறது என்பது ஒரு சாயங்காலம்தான் தெரிந்தது. சாக்கு ஒன்றைப் புரட்டினேன். சணல் தையல் முழுக்கப் புள்ளி. மேலே தோட்டத்தில் கூலி ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயன் வீட்டில் வெறும் சாக்கை விரித்துப் படுப்பார்கள். படுக்கப் பாய் கொடுக்காத முதலாளிமார் இருக்கிற மலையில் வேறு எதை விரிப்பார்கள்? அதே சாக்கில் காயைக் கட்டி இறக்கிவிடுகிறோம். பூச்சிக்கு ஜீப்பில் இலவசப் பயணம்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். முகம் செத்துவிட்டது. மகளுக்காக இல்லை.

"காய்ச் சாக்குல பூச்சின்னு வெளிய சொல்லித் தொலைச்சிராத" என்றார்.

அவருடைய மூக்கு

அவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இவரை மனிதரே இல்லை என்று நினைப்பீர்கள்.

சொந்தமாகக் கொஞ்சம் தோட்டம் குத்தகைக்குப் பிடிப்பதற்கு முன்னால், அவருக்கு மருந்தடிக்கிற சோலி. விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறி போடிமெட்டு வழியாக அந்தப் பக்கத்து எஸ்டேட்டுகளுக்குப் போவார். ஏலக்காட்டுக்குள் காற்றே நுழையாது. செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். அதற்குள் நின்று அடித்தால் மருந்து செடிக்குப் பாதி, ஆளுக்குப் பாதி. மூக்கில் கட்டுவது என் பழைய சேலைத் துணி. திரும்பி வந்ததும் அந்தச் சட்டையை நான்தான் துவைப்பேன். என் விரல் நுனி மரத்துப்போய் ராத்திரி சோற்றின் சூடே தெரியாது.

எப்போது அவருக்கு வாசனை தெரியாமல் போனது என்று அவருக்கே தெரியாது. ஒரு நாள் அடுப்பில் குழம்பு கரிந்து புகைகிறது, இவர் பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறார். கத்தினேன். நிமிர்ந்து பார்த்துத் திருதிருவென்று விழித்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஏலக்காய் வைத்துப் பிழைக்கிறவருக்கு மூக்கு இல்லை. வெளியே யாருக்கும் தெரியாது. காய் உலர்ந்து வந்ததும் நாலைந்தை உடைத்து என் முகத்துக்கு நேரே நீட்டுவார். "அடிக்குதா?" என்பார். அடிக்கிறது என்பேன். "நல்லா அடிக்குதா?" என்பார். அடிக்கிறது என்கிறேனே என்று எரிந்து விழுவேன். அதை வைத்துத்தான் வியாபாரியிடம் பேசுவார்.

ஒரு வருடம் மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்த சாக்கை ஒரு வியாபாரி பிரித்து முகர்ந்துவிட்டு, தள்ளி வைத்துவிட்டார். அந்த அவமானம் இவருக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் காய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். மூக்கால் தெரிந்ததில்லை. பட்டுத் தெரிந்தது.

உள்ளே வைத்தே அடியுங்கள்

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன். தெளிப்பானும் பாட்டிலும் தரையில் இருக்கின்றன. நான் விளக்குமாற்றோடு நிற்கிறேன். அவர் வாசலில், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

பாட்டிலில் என்ன என்று கேட்டேன். வண்டு மருந்து என்றார். பெயர் என்ன என்றேன். அதான் வண்டு மருந்து என்றார். வீட்டில் அடிக்கலாமா என்று யார் சொன்னது என்றேன். இதில் யார் சொல்ல வேண்டியிருக்கிறது, காலமெல்லாம் அடித்தவன் நான் என்றார். வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடிந்து நந்தினி வந்துவிடுவாள், அதற்குள் சோலியை முடிக்க வேண்டாமா, வெரசா வெளியே போ என்றார்.

நான் போகவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்.

"சாக்க எதுக்கு வெளிய தூக்குனீக?"

"காய்க்கு வாடை ஏறிப்போகும்ல."

அதைச் சொன்ன பிறகும் அவருக்குத் தான் என்ன சொன்னோம் என்று விளங்கவில்லை. குனிந்து பாட்டில் மூடியைத் திருகப் போனார். நான் கட்டிலில், அந்தப் பூச்சிக் கட்டிலிலேயே, உட்கார்ந்துவிட்டேன்.

"காய்க்கு ஏறுற வாடை எம்புள்ளைக்கு ஏறாதா?"

"அவ வர இன்னும் நாலு நாள் கெடக்கு. வாடையெல்லாம் போயிரும்."

"போயிரும்ல? அப்ப சாக்க உள்ள கொண்டாந்து வச்சுட்டே அடிங்க. நானே தூக்கியாறேன்."

எழுந்து கூடத்துக்குப் போய் ஒரு சாக்கின் காதைப் பிடித்து அறைக்குள் இழுத்தேன். பாலித்தீன் தரையில் உரசிக் கிறீச்சிட்டது. அவர் ஓடி வந்து சாக்கின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டார். நிலைப்படியில் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றோம். எதிர் வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"விடு" என்றார்.

"நீங்க அடிங்க. ஒங்க காய் நாலு நாள்ல சரியாப் போயிரும்."

அவர் சாக்கை விடவில்லை. பிறகு கண் மெதுவாகக் கீழே இறங்கி அந்தப் பாட்டிலில் நின்றது. குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"வேற என்னதான் செய்யச் சொல்ற?" என்றார். குரலில் சண்டை இல்லை.

சொல்வதற்கு என்னிடம் இருந்தது. போன ராத்திரிதான் மண்டையில் வந்தது, விடிந்ததும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் மனிதர் தெளிப்பானோடு வந்துவிட்டார்.

மெத்தையை அவித்த கதை

பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்று பெயர். ஜன்னல் இல்லாத அறை. வெளியே அடுப்பில் விறகு எரியும், உள்ளே தரையோடு போகிற பெரிய தகரக் குழாய் வழியாகச் சூடு பரவும். மேலே அடுக்கடுக்காகத் தட்டுகள். ராத்திரியும் பகலுமாக ஒரே சீராகச் சூடு நின்றால்தான் காய் பச்சை நிறம் மாறாமல் உலரும்.

என் தம்பி முருகேசனுக்குக் குரங்கணிக்கு மேலே ஒரு சின்ன ஸ்டோர் இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே வேலை பார்க்கிறவர்கள் நனைந்த கம்பளியை அதற்குள்தான் உலர்த்துவார்கள். லயன் வீடு முழுக்க மூட்டைப்பூச்சி கடித்தாலும் அந்தக் கம்பளிகளில் மட்டும் ஒன்றும் இருக்காது. நான் கல்யாணத்துக்கு முன்னால் அங்கே காய் பொறுக்கப் போனபோது பார்த்தது. கொதிக்கிற தண்ணீர் மேலே பட்டுவிட்டு ஆறிவிடும். ஸ்டோர்ச் சூடு நடுப்பஞ்சு வரை போய் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

தம்பிக்குப் போன் போட்டேன். முதலில் சிரித்தான். பிறகு பயந்தான். இலவம்பஞ்சு, ஒரு பொறி பட்டால் ஸ்டோரே போய்விடும் அக்கா என்றான். உன் மருமகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்றேன். விறகு மட்டும் கொண்டு வந்து விடு என்றான்.

ஜீப்புக்காரர் மறுத்தார். தோட்ட வேலைக்குப் பெண்கள் உட்கார்ந்து போகிற வண்டியில் பூச்சி மெத்தையா என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. காய் கட்டுகிற பாலித்தீனிலேயே மெத்தை, தலையணை, கழற்றிய கட்டில் சட்டம், வெறும் சாக்குகள் எல்லாவற்றையும் சுற்றி, காற்றுப் புகாமல் கட்டிக் கொடுத்த பிறகுதான் ஏற்றினார். கட்டியது என் வீட்டுக்காரர். காயை முந்தின நாள் சாயங்காலமே புதுச் சாக்குக்கு மாற்றியிருந்தார்.

ஸ்டோர் வாசலில் நாங்கள் மெத்தையை இறக்குவதைப் பார்த்து அங்கே களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "என்னக்கா, மெத்தைய அவிச்சுத் திங்கவா கொண்டாந்தீக?" என்றாள் ஒருத்தி. உனக்கும் ஒரு துண்டு தருகிறேன் என்றேன்.

சூட்டுக்கு அவர் பொறுப்பு. கதவில் தெர்மாமீட்டர் தொங்கினாலும் அதைப் பார்க்கவில்லை. அடுப்பிலிருந்து சுவருக்குள் நுழைகிற குழாய்க்கு மேலே கையை நீட்டி வைத்துப் பார்த்து, விறகைத் தள்ளுவதும் இழுப்பதுமாக இருந்தார். பாலித்தீனைப் பிரித்து, மெத்தையைக் குழாயிலிருந்து எட்டி, மேல் தட்டில் போட்டிருந்தோம்.

உள்ளே போய் வருவது என் பொறுப்பு. பஞ்சு கருகினால் முதலில் வாடைதான் வரும். அவருக்கு அது தெரியாது. நாங்கள் அதைப் பேசி முடிவு செய்யவில்லை. அவர் வெளியே உட்கார்ந்தார், நான் உள்ளே போனேன்.

கதவைத் திறந்தால் முகத்தில் அறைகிற சூடு. அந்தச் சுவரிலும் தட்டிலும் காலங்காலமாக ஊறிய ஏலக்காய் வாசனை, காயே இல்லாத மாதத்திலும் கிளம்பி வந்தது. சூடு ஏற ஏற மெத்தைத் தையலிலிருந்து பூச்சிகள் கிளம்பின. ஒன்று, இரண்டு, பிறகு கூட்டமாக. தட்டின் விளிம்பு வரை ஓடி, போக இடமில்லாமல் தரையில் உதிர்ந்தன. எனக்குப் பாவமாக இல்லை. கூட்டி அள்ளி அடுப்பில் போட்டேன்.

வெயில் சாயும் நேரம், உள்ளே போனவள் நின்றுவிட்டேன். ஏலக்காய் வாசனைக்கு அடியில் வேறு ஒன்று. மெல்லிசாக, சணல் பொசுங்குகிற வாடை. கத்தினேன். அவர் உள்ளே பாய்ந்தார். எங்கே என்று கேட்டார். எனக்குப் புகையில் கண் தெரியவில்லை, அவருக்கு மூக்கு தெரியவில்லை. இடப்பக்கம், கீழே, இன்னும் தள்ளி என்று நான் வாடையை வைத்துச் சொல்ல, அவர் கையால் தடவிக்கொண்டே போனார். மேலே கிடந்த சாக்கு ஒன்று வழுக்கிக் குழாய்மேல் விழுந்து ஓரம் சிவந்துகொண்டிருந்தது. வெறுங்கையால் பிடித்து வாசலுக்கு வீசினார்.

வெளியே வந்து தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். தம்பி வந்து திட்டிவிட்டுப் போனான். அதற்கு அவனுக்கு உரிமை உண்டு.

தொட்டித் தண்ணீரைப் பார்த்தபடி அவர் சொன்னார். "அந்தப் பாட்டிலும் எனக்கு ஒண்ணும் அடிக்கல பாத்துக்க. தண்ணி மாதிரித்தான் இருந்துச்சு."

அவர் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன், உள்ளங்கை கொப்புளித்திருந்தது.

வெள்ளிக்கிழமை

மீதி நாட்களில் அறையை உரித்து எடுத்தேன். சுவர் விரிசல் எல்லாவற்றையும் சிமெண்டு வைத்துப் பூசினோம். சுண்ணாம்பு அடித்தோம். நிலைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினேன். கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு, நாலு காலுக்கும் கீழே டப்பாவில் சோப்புத் தண்ணீர் வைத்தேன். போர்வை தரையில் தொங்கக் கூடாது. வெளியிலிருந்து வருகிற பை எதுவும் கட்டிலில் ஏறக் கூடாது. இன்றைக்கும் வாரம் ஒரு முறை டார்ச் லைட்டோடு கீழே படுக்கிறேன். ஒழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தப் பாட்டிலை என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. சாக்கடையில் ஊற்றினால் வாய்க்காலுக்குப் போகும். மண்ணில் ஊற்றினால் என் கறிவேப்பிலைக்குப் போகும். குப்பையில் போட்டால் யாராவது எடுத்து மூடியைத் திறப்பார்கள். மருந்துக் கடையில் கொண்டுபோய் நீட்டினேன். விற்பதுதான் எங்கள் வேலை என்றார் கடைக்காரர். வாங்குவதற்கு ஊரெல்லாம் கடை, திருப்பிக் கொடுக்க ஓர் இடம் இல்லை. இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் வைத்திருக்கிறேன். இதை எழுதுகிற இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

வளைகாப்பு முடித்து நாங்கள் அழைத்துவர, நந்தினி வளையல் சத்தத்தோடு வந்து இறங்கினாள். மாமியாரும் கூடவே வந்தார். அறைக்குள் போய், பேச்சுக் கொடுத்துக்கொண்டே மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். டப்பாவில் நிற்கிற கட்டில் காலைப் பார்த்தார். மெத்தையை நிரவி விட்டுவிட்டு, "பாத்துக்கங்க" என்று மட்டும் என்னிடம் சொன்னார். சாப்பிட்டுக் கிளம்பினார்.

நந்தினி ஒருக்களித்துப் படுத்தாள். வயிற்றுக்கு ஒரு தலையணை கொடுத்தேன். கண்ணை மூடியவள் திறந்தாள்.

"என்னம்மா, மெத்தைல இப்டி ஏலக்கா வாசம் அடிக்குது?"

வாசலில் நின்றிருந்த அவர் உள்ளே வந்தார். கையில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. அவள் காலடியில் கிடந்த இன்னொரு தலையணையை எடுத்து முகத்தில் வைத்து மூச்சை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். பிறகு அதை என்னிடம் நீட்டினார்.

"அடிக்குதா?"

"அடிக்குது."

"நல்லா அடிக்குதா?"

வழக்கமாக இந்த இடத்தில் நான் எரிந்து விழுவேன்.

"நல்லா அடிக்குதுங்க" என்றேன்.